இரண்டு ஜிபி காலம்

நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். மடியில் ஒரு கறுப்புப் பை. கல்லூரியில் அன்றைக்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்காமல் ஜிப்பைப் பாதி திறப்பதும், உள்ளே இருந்த மடிக்கணினியின் மூடியை விரலால் தடவுவதும், மூடிவிட்டுக் கொஞ்ச தூரத்தில் மறுபடி திறப்பதுமாக வந்தாள். திறக்கும்போதெல்லாம் புது பிளாஸ்டிக்கும் ஸ்பாஞ்சும் கலந்த வாசனை. என்ன வேலை என்று என்னை விசாரித்தவள், மென்பொருள் எழுதுகிறவள் என்றதும், "அக்கா, இதுல பைதான் ஓடுங்களா? எங்க கிளாஸ்ல ஒரு பையன் இதெல்லாம் படம் பாக்கத்தான் ஆகுங்கறான்" என்றாள்.

"நல்லா ஓடும் கண்ணு. இதுல கால்வாசி இருந்த பொட்டியிலயே நான் ஓட்டியிருக்கேன்."

அவள் கையில் இருந்ததில் 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டி. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தருவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்து ₹2,000 கோடி ஒதுக்கிய திட்டத்தில் வந்தது. அலங்காநத்தம் பிரிவில் அவள் இறங்கிக்கொண்டாள். எருமப்பட்டி வரும்வரை எனக்கு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் மடிக்கணினியின் ஞாபகமாகவே இருந்தது.

அதுவும் அரசு கொடுத்ததுதான். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டில் மட்டும் 9.12 லட்சம் பேருக்கு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் அப்போது அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. எங்கள் பள்ளிக்கு எப்போது வரும் என்பதுதான் வகுப்பில் தினசரிப் பேச்சு. வந்த நாளில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சீரியல் நம்பரைச் சரிபார்த்து, ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அம்மா கோழிப்பண்ணையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். அப்பா லாரியோடு வடக்கே எங்கோ போயிருந்தார். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த அம்மாவைப் பார்த்து, தெருவில் நாலு பேர் எழுந்து வந்தார்கள்.

முந்தைய ஆட்சியில் வந்த கலர் டிவிக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. ஆயாவுக்கு ஒரே கவலை. "பரிச்ச எளுதலீனா திருப்பிக் கேட்டுருவாங்களா சாமி?" என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று உறுதியானதும், நல்ல நாள் பார்த்து மூடியின் ஓரத்தில் குங்குமம் வைத்தார். கடைசிவரை அந்தச் சிவப்பு அங்கே லேசாக ஒட்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம்தான். அறுவடை நேரத்தில் வெங்காயத்தைக் குவித்து வைக்கும் பட்டறையிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டி, திண்ணையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அறுப்பார்கள். நானும் அறுப்பேன். அறுத்த கையைக் கழுவினாலும் வாசனை போகாது. அந்தக் கையோடுதான் விசைப்பலகையைத் தொட்டேன். எழுத்துகளுக்கு இடையில் சருகு புகுந்துவிடும். கவிழ்த்துத் தட்டினால் செந்நிறத் தோல் உதிரும். 'ஏ' எழுத்துக்கும் 'எஸ்' எழுத்துக்கும் நடுவில் ஊதி ஊதி எனக்கு அந்தப் பலகையின் ஒவ்வொரு இடுக்கும் பழகிப்போயிற்று.

கல்லூரியில் சேர்ந்ததும் ஒரு வித்தியாசம் தெரிந்தது. ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு இரண்டு பேர். நான் போய் உட்காரும்போது பக்கத்தில் உட்கார்ந்தவள் ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருப்பாள். அவள் நாமக்கல்லில் பெரிய பள்ளியில் படித்தவள், நல்லவள்தான், ஆனால் வேகக்காரி. நேரம் முடிந்து மணி அடித்ததும் எல்லாரும் எழுந்தாக வேண்டும். புரிந்தும் புரியாமலும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்ததை வீட்டில் என் பெட்டியில் போட்டுப் பார்ப்பேன். அங்கே யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. ஒரே வரியை இருபது விதமாக மாற்றி எழுதி, ஒவ்வொன்றுக்கும் அது என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். கணினியோடு யாரும் பார்க்காமல் தனியாக இருக்கும் அந்த நேரம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாக இருந்தது. அதை எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்தது அந்தப் பெட்டி. வேகத்தைவிட, வட்டின் அளவைவிட, இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஆய்வகத்தில் டர்போ சி. நீலத் திரை, மேலே மெனு, 1980களின் பிற்பகுதியில் வந்த மென்பொருள். எழுதும் ஒவ்வொரு புரோகிராமின் தலையிலும் 'கோனியோ' என்ற தலைப்புக் கோப்பைச் சேர்ப்போம். திரையைத் துடைக்க ஒரு வரி, கடைசியில் ஒரு சாவியை அழுத்தும்வரை காத்திருக்க ஒரு வரி. இதெல்லாம் சி மொழியின் விதி என்றே எல்லாரும் நம்பியிருந்தோம். என் மடிக்கணினியில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது. வகுப்பில் பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்த்ததில்லை. அதில் ஜிசிசி கம்பைலர் தயாராக இருந்தது. ஆய்வகத்து புரோகிராமை அப்படியே போட்டபோது, 'கோனியோ' என்று ஒரு கோப்பே இங்கில்லை என்று அது சொன்னது. அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டேன். ஓடியது. மொழி எது, அதன்மேல் ஒரு கம்பெனி போட்ட சட்டை எது என்று அந்தச் சாயங்காலம் எனக்குப் பிரித்துத் தெரிந்தது. எந்த ஆசிரியரும் நடத்தாத பாடம் அது. கறுப்புத் திரையில் வந்த ஒற்றை வரிப் பிழைச்செய்திதான் நடத்தியது.

கரண்ட்டைப் பற்றிச் சொல்லாமல் அந்த வருடங்களைச் சொல்ல முடியாது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும், ராத்திரியிலும் அப்படியே. விசைத்தறி நின்றது, மாவு மில் நின்றது, மோட்டார் எப்போது ஓடும் என்று வயலில் காவல் இருந்தார்கள். கரண்ட் வந்ததும் அம்மா மிக்ஸியைத் தேடுவார், தம்பி டிவியை, நான் சார்ஜரை. வீட்டில் இருந்தது இரண்டே பிளக் பாயிண்ட். "கண்ணு, சட்னிய அரச்சுட்டுக் குடுக்கறேன்" என்பார் அம்மா. சட்னி அரைந்து முடிவதற்குள் சில நாள் கரண்ட் போய்விடும்.

மேசைக் கணினி வைத்திருந்த வீடுகளில் யூபிஎஸ் கீச்சென்று கத்தி அடங்கும். என் பெட்டியில் பேட்டரி மூன்று மணி நேரம் தாங்கியது. திரை வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்து, வயர்லெஸ்ஸை அணைத்து, படங்காட்டும் முகப்பை விட்டுவிட்டு வெறும் டெர்மினலில் 'விம்' எடிட்டரைத் திறந்தால் இன்னும் கொஞ்சம் இழுக்கும். எதற்கு எவ்வளவு கரண்ட் செலவாகிறது, எந்த மென்பொருள் எத்தனை எம்பி தின்கிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போது வந்தது. இன்றைக்கும் ஒரு புரோகிராம் எழுதி முடித்தால் முதலில் அதன் நினைவகச் செலவைத்தான் பார்க்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள், சர்வரில் 64 ஜிபி இருக்கிறதே, எதற்கு என்கிறார்கள். கரண்ட் இல்லாத ராத்திரியில் எழுதப் பழகியவளுக்கு அது எதற்கென்று சொல்லத் தெரிய வேண்டியதில்லை.

அந்தத் திரை வெளிச்சத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். மாரியம்மன் நோம்பிக்கு வந்த சொந்தக்காரர்கள் பென்டிரைவில் கல்யாண வீடியோ பார்த்தார்கள். படம் பார்த்தார்கள், நிறையவே பார்த்தார்கள். இலவச மடிக்கணினி படம் பார்க்கத்தான் ஆயிற்று என்று பேசுகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். வீட்டுக்கு ஒரு டிவி வாங்கியவர்களிடம் எத்தனை பேர் செய்தி பார்த்தீர்கள் என்று யாரும் கணக்குக் கேட்டதில்லை. வீட்டுக்குள் ஒரு கணினி சும்மா கிடப்பதற்கே ஒரு பலன் உண்டு. அதைத் தொடப் பயப்படாத பிள்ளைகள் அங்கே வளர்வார்கள். என் தம்பி அப்படி வளர்ந்தவன்.

ஏழாவது படித்துக்கொண்டிருந்தவனுக்கு ஆங்கிலத்தில் நிரல் எழுதுவது பிடிபடவில்லை. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியைப் பற்றிக் கணினி இதழ் ஒன்றில் படித்துவிட்டு அதை இறக்கிக் கொடுத்தேன். 'பதிப்பி' என்று தமிழில் எழுதினால் திரையில் அச்சாகும். பெருக்கல் வாய்ப்பாடு முழுவதையும் அச்சடிக்க வைத்துவிட்டு, பதினாறாம் வாய்ப்பாட்டை ஆயாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினான். ஆயா வாய்ப்பாட்டை மனப்பாடமாகத் தெரிந்தவர். ஒவ்வொரு வரிக்கும் அவர் தலையாட்டச் சரிபார்ப்பு நடந்தது.

இறக்குவது என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். வீட்டில் இணையம் கிடையாது. நாமக்கல்லில் பிரவுசிங் சென்டருக்குப் போய், வேண்டிய மென்பொருளின் டெபியன் பொட்டலத்தைப் பென்டிரைவில் எடுத்துவர வேண்டும். வந்து நிறுவினால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்த இன்னொன்று வேறு இரண்டைக் கேட்கும். அடுத்த சனிக்கிழமை மறுபடி பஸ். பிறகு விவரம் தெரிந்து, எது எதைச் சார்ந்திருக்கிறது என்று கிளம்பும் முன்பே காகிதத்தில் மரம்போல் வரைந்துகொண்டு போனேன். 2012 ஜனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழை ஒவ்வொரு மாதமும் பிடிஎஃப்பாக எடுத்து வந்து இரவில் படித்தேன். நித்யா துரைசாமி 'எளிய தமிழில்' என்று மைஎஸ்கியூஎல் பற்றி எழுதியதைப் படித்துத்தான் தரவுத்தளம் என்றால் என்ன என்பது எனக்குள் இறங்கியது. கல்லூரிப் புத்தகத்தில் அதே பாடம் இருந்தது. படித்து, பரீட்சை எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். தமிழில் படித்த பிறகுதான் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று கை துறுதுறுத்தது.

செய்வதற்கு வேலை அம்மாவின் பண்ணையில் இருந்தது. அம்மாவுக்கு முட்டை பொறுக்கும் வேலை. கூண்டு வரிசைக்கு நடுவில் தள்ளுவண்டியோடு போய், அட்டைக்கு முப்பது என்று அடுக்கி, ஒடசலைத் தனியே வைக்க வேண்டும். ஏழு அட்டை ஒரு பெட்டி, 210 முட்டை. ஷெட்டுக்கு எத்தனை முட்டை, எத்தனை கோழி செத்தது, தீவனம் எவ்வளவு இறங்கியது என்று சூப்பர்வைசர் ஒரு நீள நோட்டில் எழுதுவார். ஒரு கோழி நாளுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். இருபது வார வாக்கில் முட்டை வைக்க ஆரம்பிக்கும். இருக்கிற கோழிக்கு எத்தனை சதவீதம் முட்டை வந்தது என்பதுதான் பண்ணையின் நாடி. அது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் இறங்கினால் தண்ணீரிலோ தீவனத்திலோ நோயிலோ ஏதோ இருக்கிறது. சூப்பர்வைசர் அந்தச் சதவீதத்தைக் கால்குலேட்டரில் போட்டு, மாசக் கடைசியில் கூட்டி எழுதுவார். இறக்கம் தெரியவரும்போது வாரம் கடந்திருக்கும்.

"ஏனுங் மாமா, தெனமும் ராத்திரி இத எங்கிட்டக் குடுங்க, நான் போட்டுத் தர்றேன்" என்றேன். அம்மாவுக்குக் கூச்சம், சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டே நோட்டைக் கொடுத்துவிட்டார்.

பைதானும் எஸ்கியூலைட்டும் எடுத்துக்கொண்டேன். எஸ்கியூலைட் 2000இல் ரிச்சர்ட் ஹிப் எழுதியது. தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு, தனி சர்வர் வேண்டாம், மொத்தமே ஒரு எம்பிக்குள் அடங்கும். இரண்டு ஜிபி பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. முகப்பைத் தமிழில் வைக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன், சூப்பர்வைசருக்கும் அம்மாவுக்கும் புரிய வேண்டுமே. பைதானோடு வரும் டிகேயில் போட்டால் கொம்பும் காலும் இடம்மாறி நின்றன. 'கோழி' என்று எழுதினால் கோழியாக வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் ஒழுங்காக வரும். எனவே 'பாட்டில்' என்ற ஒற்றைக் கோப்புக் கட்டமைப்பை வைத்து உலாவிக்குள்ளேயே பக்கங்களாக எழுதினேன். அதற்கும் வேறெதையும் சார்ந்திருக்கத் தேவையில்லை. நாமக்கல்லுக்கு ஒரே ஒரு பஸ் டிக்கெட்டில் காரியம் முடிந்தது.

சிக்கலான பகுதி மைனஸ். நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை ஒருங்கிணைப்புக் குழு, என்இசிசி, விலை சொல்லும். வியாபாரி அந்த விலைக்கே எடுக்க மாட்டார். முட்டைக்கு இத்தனை பைசா குறைத்துத்தான் எடுப்பார். அந்தக் குறைப்புக்கு ஊரில் பெயர் மைனஸ். புரட்டாசியில் வீடுகளில் முட்டை சமைக்க மாட்டார்கள், கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டுவிடுவார்கள். தேவை குறைந்தால் மைனஸ் ஏறும். ஒரே நாளில் இரண்டு வியாபாரிக்கு இரண்டு மைனஸ் இருக்கும். பைதானில் ரூபாயைப் புள்ளி வைத்த எண்ணாகப் போட்டுக் கூட்டிக்கொண்டே போனால் கடைசி இலக்கத்தில் சின்ன பிசிறு சேரும். லட்சக்கணக்கான முட்டைக்கு அது பண்ணைக்காரர் கண்ணில் படும். எனவே எல்லாவற்றையும் பைசாவாக, முழு எண்ணாகவே வைத்தேன். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாய்.

முதல் மாதக் கணக்கை நோட்டோடு ஒப்பிட்டோம். ஷெட் ஷெட்டாக, வரி வரியாகச் சூப்பர்வைசர் விரல் வைத்துக்கொண்டே வந்தார். ஒத்துப்போயிற்று. அவர் நோட்டை மூடிவிட்டு, "அம்மிணி, மூணாவது ஷெட்டு எறங்கறது இதுல முன்னாடியே தெரியுதே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் அம்மா வேலைக்குப் போகும்போது என் சோற்றுப் பெட்டியில் இரண்டு முட்டை கூடுதலாக இருந்தது.

வேலை கிடைத்துச் சென்னைக்குப் போனபோது பெட்டியைத் தம்பிக்கு விட்டுவிட்டேன். அதன் பேட்டரி அப்போது போய்விட்டிருந்தது. கரண்ட் இருந்தால் மட்டும் ஓடும். அலுவலகம் தந்த மடிக்கணினி கனமானது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. முதல் சம்பளங்களில் மிச்சம் பிடித்து ரிச்சி தெருவில் பழைய நெட்புக் ஒன்று வாங்கினேன். பத்து அங்குலத் திரை, இன்டெல் ஆட்டம் செயலி, ஒரு ஜிபி நினைவகம், எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். அசுஸ் நிறுவனம் 2007இல் ஏழு அங்குல 'ஈ பிசி'யை விட்டு ஆரம்பித்த வகை அது. அந்த முதல் மாடலில் 512 எம்பி நினைவகமும் 4 ஜிபி சேமிப்பும்தான்; கையில் தூக்கினால் ஒரு கிலோகூட இல்லை. ஐபேடும் பெரிய போன்களும் வந்த பின் கடைகள் அதைக் கைவிட்டன. எனக்கு அது கைப்பையில் அடங்கியது. ராத்திரி பஸ்ஸில் சேலம் தாண்டும்வரை எழுதிக்கொண்டு வருவேன்.

அந்தத் திரைக்கு உயரம் 600 புள்ளிதான். சில மென்பொருளில் 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய்விடும்; ஆல்ட்டைப் பிடித்துச் சன்னலை மேலே இழுத்துத்தான் அழுத்த வேண்டும். நிரலும் அப்படித்தான். ஒரு ஃபங்ஷன் இருபத்தைந்து வரியைத் தாண்டினால் ஒரே பார்வையில் தெரியாது. தெரியாததை என்னால் யோசிக்க முடியவில்லை. எனவே வெட்டி வெட்டிச் சின்னதாக்கினேன். ஒவ்வொன்றுக்கும் அது செய்வதைச் சொல்லும் பெயர். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போன்ற பெரிய கருவிகள் அதில் ஏறவே ஏறாது. 2014 டிசம்பரில் வந்த அதன் முதல் பதிப்பே குறைந்தது 2 ஜிபி கேட்டது. கனமான வேலையை சர்வரில் வைத்துக்கொண்டு, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், நெட்புக்கை வெறும் விசைப்பலகையும் கண்ணாடியுமாக வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் சிக்னல் போனாலும் சர்வரில் 'டிமக்ஸ்' நான் விட்ட இடத்தை அப்படியே வைத்திருக்கும். தொப்பூர் கணவாயில் சிக்னல் விட்டுப் போய், கீழே இறங்கியதும் விட்ட வரியிலிருந்து தொடர்வது எனக்கு அத்தனை பிடித்திருந்தது.

அந்த நெட்புக்கைப் போன்ற 32 பிட் இயந்திரங்களுக்கு இப்போது இடம் சுருங்கிவிட்டது. 2017இலேயே உபுண்டு மேசைப் பதிப்பை அவற்றுக்குத் தருவதை நிறுத்திவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13ஐயும் அவற்றில் புதிதாக நிறுவ முடியாது. நன்றாக ஓடுகிற பொருள் மென்பொருள் இல்லாமல் கிழவனாவது எனக்கு ஒப்பவில்லை. ஏராளமான மலிவுக் கணினிகள் நம் ஊர்களில் அலமாரியில் கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை நிரல் எழுதிப் பழக இன்னும் சில வருடம் மிச்சமிருக்கிறது. அரசு புதிதாகக் கொடுக்கும்போதே, பேட்டரி மாற்றித் தரவும் பழையதைப் பழுது பார்க்கவும் ஒன்றியத்துக்கு ஓர் இடம் இருந்தால் எத்தனையோ பெட்டிகள் பிழைக்கும்.

தம்பி இப்போது திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கான எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறான். கன்ட்ரோலருக்கு அவனே நிரல் எழுதிக்கொள்கிறான். அம்மா பண்ணை வேலையை விட்டுவிட்டார். பண்ணையில் கணக்கு போனுக்கு மாறிவிட்டது. முகப்பைப் பலமுறை மாற்றி எழுதிவிட்டேன். தரவுத்தளமும் இடம் மாறிவிட்டது. மைனஸ் கணக்கிடும் பகுதி மட்டும் பைசாவில், முழு எண்ணில், திண்ணையில் எழுதியபடியே இருக்கிறது. போன வாரம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். வியாபாரி ஒருவர் பெட்டிக் கணக்கில் ஒரு மைனஸ், சில்லறை அட்டைக்கு வேறு மைனஸ் கேட்கிறாராம். "ரெண்டும் ஒரே பில்லுல வரோணும் அம்மிணி, முடியுங்களா?" என்றார். முடியும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார வேண்டும்.